நல்ல தண்ணி வரும் வழி

திருநெல்வேலியில் வீட்டுக்கு இரண்டு தண்ணீர் உண்டு. ஆற்றிலிருந்து குழாயில் வருவது நல்ல தண்ணி. போர் போட்டு எடுப்பது உப்புத் தண்ணி. நல்ல தண்ணியில் துவரம்பருப்பு மலர்ந்து வேகும், சோப்பு தொட்டதும் நுரைக்கும். உப்புத் தண்ணியில் பருப்பு எத்தனை விசில் வைத்தாலும் விறைத்தே கிடக்கும், வாளியின் உள்விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் படியும். நகரத்துக்கு வடக்கே தாழையூத்தில் சுண்ணாம்புக்கல்லை வெட்டி 1949-லிருந்து சிமென்ட் செய்கிறார்கள். அந்தப் பக்கத்து நிலத்தடி நீர் ஏன் இப்படிக் கடுக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். தாமிரபரணிக்கு அந்தக் குறை இல்லை. பொதிகையின் பாறை லேசில் கரையாது. அதன்மேல் விழுந்து ஓடிவரும் மழைநீரில் கால்சியமும் மக்னீசியமும் கொஞ்சமாகவே சேருகின்றன.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோவிலில் குடில் போட்டுத் தங்கியவர்களைக் கேட்டால் அந்தத் தண்ணீரின் ருசியைச் சொல்வார்கள். அங்கிருந்து கீழே பாபநாசத்துக்கு வந்ததுமே ஆற்றுக்குக் கேடு தொடங்கிவிடுகிறது. பரிகாரம் என்று சொல்லி, குளித்த துணியை அப்படியே ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள். அள்ள அள்ள வருகிறது. எந்தச் சாமியும் இதைக் கேட்டதாக நான் நம்பவில்லை. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று வயலும் வாழையுமாக ஆறு இறங்கி வரும் வழியில், ஊருக்கு ஊர் கொஞ்சம் சாக்கடையும் சேருகிறது.

குறுக்குத்துறை எங்கள் துறை. இங்கே முருகன் கோவில் கரையில் இல்லை, ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. வெள்ளம் வரும் என்றால் உற்சவரை மேலக்கோவிலுக்குத் தூக்கிப் போய்விடுவார்கள். பாறையில் செதுக்கிய மூலவர் தண்ணீருக்குள் இருப்பார். வெள்ளம் வடிந்ததும் சேற்றை வாரிக் கழுவிவிட்டு மறுபடி பூசை. 1992 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் வந்த பெருவெள்ளங்களுக்கும் அந்தக் கோவில் அசையவில்லை. 2023 வெள்ளத்தில் ஆற்றிலிருந்த குடிநீர்க் கிணறுகளும் குழாய்களும்தான் சேதமாயின. ஊரெல்லாம் வெள்ளம், குடிக்கத் தண்ணீர் இல்லை என்று லாரிக்குக் காத்து நின்றோம்.

அந்த உறைகிணறுகளைப் பற்றிச் சொல்லாமல் நெல்லைக் குடிநீரைப் பற்றிப் பேச முடியாது. ஆற்றில் ஓடும் தண்ணீரை அப்படியே உறிஞ்சிக் குழாயில் விடுவதில்லை. ஆற்று மணலுக்குள் கிணறு இறக்கி, அதில் ஊறுவதைத்தான் எடுக்கிறார்கள். மணல்தான் முதல் வடிகட்டி. கோடையில் ஆச்சி மணலைக் கையால் பறித்து ஊற்றுத் தோண்டி, கலங்கல் தெளியக் காத்திருந்து, சிரட்டையால் குடத்துக்குள் கோருவாளே, அதே வேலைதான் பெரிய அளவில் நடக்கிறது. மணலை அள்ளிவிட்டால் அடியில் இருப்பது களியும் பாறையும். நீர்மட்டம் இறங்கும். ஆற்றில் ஓட்டம் குறைந்த மாதங்களில், கரையோரத்து நிலத்தடி நீர் கிணற்றை நோக்கிக் கூடுதலாக ஊறிவரும். குழாய்த் தண்ணீரும் லேசாகக் கடுக்கத் தொடங்கும். 2010-ல் இரா. நல்லகண்ணு தொடர்ந்த வழக்கில்தான் தாமிரபரணியில் ஐந்தாண்டுகளுக்கு மணல் அள்ள உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டது. அவர் ஸ்ரீவைகுண்டத்துக்காரர். அந்தத் தடைக்கு எங்கள் குழாய்கள் இன்றும் கடன்பட்டிருக்கின்றன.

தைப்பூசத் தீர்த்தவாரிக்கு நெல்லையப்பர் டவுனிலிருந்து புறப்பட்டு ஜங்ஷன் பக்கத்துத் தைப்பூச மண்டபத்துக்கு வருவார். ஆச்சி விடியுமுன்னே எழுப்பிவிடுவாள். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஆறு நிறைந்து, தெளிந்து, இழுவையோடு போகும் மாதம் அது. படித்துறையில் கால் வைத்தால் கெண்டைக்குஞ்சு வந்து கொத்தும். "ஏலே, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு மூணு முங்கு போடு, கண்ணைத் தொறக்காத" என்பாள். நான் தண்ணிக்குள் கண்ணைத் திறந்துதான் பார்ப்பேன். அடியில் கூழாங்கல் தெரியும். அஸ்திரதேவர் முழுக்குப் போடும்போது நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும், கரையில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரேயடியாக ஆற்றுக்குள் இறங்குவார்கள். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் என்ற கணக்கெல்லாம் அந்த நிமிடத்தில் கலைந்துபோகும். ஆச்சி நடு ஓட்டம் வரை நடந்துபோய், சுவாமி குளித்த தண்ணி என்று பித்தளைச் செம்பில் கோரி, அங்கேயே ஒரு மடக்கு குடிப்பாள். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லார் கையிலும் ஒரு வாய் ஊற்றுவாள். யாருக்கும் வயிற்றுக்கு ஒன்றும் வந்ததில்லை.

இன்று அந்தப் படித்துறையில் செம்பைக் கோரிக் குடிக்க என் பிள்ளையை நான் விடமாட்டேன். ஜங்ஷன், மீனாட்சிபுரம், வண்ணார்பேட்டை என்று கரை நெடுகச் சாக்கடை ஆற்றில் விழுகிறது. பாதாளச் சாக்கடை வேலை ஆண்டுக்கணக்கில் இழுபடுகிறது. இராமையன்பட்டிக்குப் போய்ச் சுத்தமாக வேண்டிய கழிவில் ஒரு பங்கு ஆற்றுக்கே வருகிறது. 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் நேரில் வந்து கரையில் நடந்து பார்த்தார்கள்.

நகரம் இதற்குக் கண்டுபிடித்த மருந்து வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. இயந்திரம். அது தவறான நோய்க்கான மருந்து. விற்க வருகிறவர் ஒரு மீட்டரை டம்ளரில் முக்கி எண்ணைக் காட்டுவார். அது கரைந்த உப்பை மட்டும் அளக்கும், கிருமியைக் காட்டாது. இந்தியத் தர நிர்ணயப்படி கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரையும், கடினத்தன்மை 200 வரையும் குடிக்கலாம். ஆற்று நீருக்கு அந்த வரம்பைப் பற்றிய கவலையே வேண்டாம். அதிலிருந்து இன்னும் உப்பை எடுப்பதற்காக, ஊற்றுவதில் பாதிக்கு மேல் கழிவாக வெளியே போகிறது. உப்பு 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடுக்க வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-லேயே சொன்னது. போர்த் தண்ணியை மட்டும் நம்பியிருக்கும் வீட்டுக்கு அது தேவைப்படலாம். ஆற்றுத் தண்ணி வரும் வீட்டுக்கு வேண்டியது சரியான குளோரின், கழுவிய தொட்டி, கரையில் அடைபட்ட சாக்கடை வாய். இந்த மூன்றாவதை இயந்திரம் வாங்கிச் சரிசெய்ய முடியாது. வாங்க முடிந்தவர்கள் வாங்கியதும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள் என்பதுதான் என் ஆற்றாமை. அல்வாவின் ருசி ஆற்றுத் தண்ணியால் என்று பெருமை பேசும் ஊர் இது.

சீவலப்பேரியில் சிற்றாறு வந்து கலக்கிறது. நாங்கள் விட்டது எல்லாம் அதற்குள் கீழே போய்விட்டிருக்கும். மருதூர், பிறகு ஆதிச்சநல்லூர்க் கரை, பிறகு கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டம். தூத்துக்குடி மாவட்டத்துக் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் கிணறுகள் இந்தப் பகுதி ஆற்றில்தான் இருக்கின்றன. நெல்லையின் சாக்கடை அவர்களுடைய குடிதண்ணீர்.

ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டிக் கோடையில் ஓட்டம் பெயருக்குத்தான். தூத்துக்குடி ஆலைகளுக்கு 20 எம்.ஜி.டி. (நாளுக்கு 20 மில்லியன் காலன்) திட்டத்தில் தண்ணீர் எடுத்ததை எதிர்த்து விவசாயிகள் நீண்ட காலம் போராடினார்கள். மேலிருந்து நல்ல தண்ணீர் தள்ளாவிட்டால் கடல் உள்ளே ஏறும். ஏரல், ஆத்தூர், முக்காணி வரை கிணறு வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலுக்கு உவர் ஆகாது. புன்னைக்காயலில் ஆறு கடலில் சேருகிறது. அங்கே வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் தண்ணீர் இருந்தும், குடிக்க மேற்கேயிருந்து குழாயில் வர வேண்டும்.