கைவான் வாங்கப் போகிறவர்களுக்கு

கைவான் என்ற சீனத் தேநீர்ப் பாத்திரம் மூன்று உருப்படி: கிண்ணம், மூடி, அடியில் ஒரு தட்டு. சிச்சுவான் மாகாணத்தின் செங்டுவில் மூங்கில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு அதிலிருந்தே உறிஞ்சிக் குடிக்கிறார்கள். மிதக்கும் இலையை ஒதுக்கத்தான் மூடி. தெற்கே சாவ்சோவில் வழக்கமே வேறு. இலையைத் தாராளமாகப் போட்டு, கொதிநீர் ஊற்றி, சில நொடிகளில் சின்னஞ்சிறு கோப்பைகளுக்கு வடித்துவிடுவார்கள். நான் பழகியது இந்த இரண்டாவது முறை. இதில் கிண்ணம் விரலோடு ஒத்துப்போகாவிட்டால் தேநீரும் சரிவராது.

காரணம் எளிது. கை சுட்டால் வடிக்கத் தயங்குவோம். அந்தத் தயக்கத்தில் கழியும் நாலைந்து நொடியில் ஊலாங் தேநீர் கசந்துவிடும்.

அதனால் நான் முதலில் பார்ப்பது விளிம்பை. கட்டைவிரலும் நடுவிரலும் விளிம்பின் இரு பக்கம் பிடிக்கும். ஆள்காட்டி விரல் மூடியின் குமிழை அழுத்தும். விளிம்பு நன்றாக வெளியே விரிந்திருந்தால் நீர் அதைத் தொடாது, விரலுக்குச் சூடு ஏறாது. நம் ஊர் காபி டம்ளருக்கு விளிம்பை மடித்து வைத்திருப்பதும் இதே கணக்குத்தான். நேராக எழும்பிய சுவருள்ள கிண்ணங்கள் அலமாரியில் அழகாக இருக்கும்; கொதிநீரோடு தூக்க முடியாது. விரிவு தொடங்கும் இடத்துக்குக் கீழேயே நீரை நிறுத்த வேண்டும். ஆகவே 120 மில்லி என்று விற்கப்படும் கிண்ணத்தில் 90, 100 மில்லிதான் புழக்கத்துக்கு வரும். 120 என்பது வாய்வரை நிரப்பி அளந்த கணக்கு. சீனாவில் ஊலாங் தரம் பார்ப்பவர்கள் 110 மில்லி கைவானில் 5 கிராம் இலை போடுகிறார்கள். வீட்டுக்கும் அந்த அளவு போதும். 150க்கு மேல் போனால் ஒரு கையால் தூக்கிச் சாய்ப்பது சிரமம்.

அடுத்தது மூடி. கிண்ணத்தில் வைத்து விரலால் சுழற்றிப் பாருங்கள். ஆடினால் சூளையில் கோணியிருக்கிறது என்று பொருள். வடிக்கும்போது எதிர்பாராத பக்கம் ஒழுகி விரலை நனைக்கும். ஆடாமல் இருந்தால் மட்டும் போதாது, சற்றே நகர்த்திச் சாய்க்கவும் இடம் வேண்டும். நீர் வெளியேறி இலை உள்ளே நிற்கிற அந்தக் கீற்று இடைவெளிதான் நம் வடிகட்டி. குமிழ் உயரமாக இருக்கட்டும். தட்டையான குமிழ் ஆள்காட்டி விரலைச் சுடும்.

சுவர் மெல்லியதா, தடித்ததா? மெல்லியதே என் கட்சி. தடித்த பீங்கான் நீரின் சூட்டை உறிஞ்சிக்கொண்டு, மூன்றாவது நான்காவது வடிப்புக்குள் விளிம்புவரை காய்ந்துவிடும். ஃபூஜியான் மாகாணத்தின் தேஹுவா வெள்ளைப் பீங்கானுக்குப் பேர்போன ஊர். மெருகிட்ட பீங்கானில் மணம் ஊறாது. காலையில் பூஅர், மாலையில் தியேகுவான்யின் என்று தேநீரை மாற்றி மாற்றிப் போடலாம். மெருகிடாத யிசிங் களிமண் பாத்திரம் அப்படியில்லை; மணத்தை உள்ளே வாங்கிவைத்துக்கொள்ளும். உட்புறம் வெள்ளையாக இருப்பதில் இன்னொரு வசதி, தேநீரின் நிறம் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். (கண்ணாடிக் கைவான் படம் எடுக்க நன்றாக இருக்கும். அவ்வளவுதான்.)

இலைக்கேற்ற வடிவமும் உண்டு. தான்சோங் என்ற ஊலாங்கின் இலைகள் நீண்டு முறுக்கியவை. குறுகிய கிண்ணத்தில் திணித்தால் நொறுங்கி, தூள் கலந்த கசப்பு இறங்கும். அதற்கு வாய் அகன்றது வேண்டும். தியேகுவான்யின் இலை உருண்டைகளோ விரிந்து விரிந்து மூடியையே தூக்கிவிடும். கொஞ்சம் ஆழம் வேண்டும். பச்சைத் தேநீருக்கு நான் மூடியைப் பெரும்பாலும் திறந்தே வைப்பேன், மூடினால் இலை வெந்துபோகும்.

ஜிங்தேசென் பீங்கானில் தீட்டிய ஓவியங்கள் மயக்கக்கூடியவை, விலையும் அதற்கேற்ப ஏறும். முதல் கைவானுக்கு அந்தச் செலவு வேண்டாம். விலை கேட்பதற்கு முன், எடுத்த கைவானில் கொதிநீர் ஊற்றித் தரச் சொல்லுங்கள். மூடியைச் சாய்த்து ஒரு முறை முழுசாக வடித்துப் பாருங்கள். ஊற்றிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.