எஞ்சி நின்ற ஒரு பக்கம்

லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் ஸதர்க் என்ற பேட்டை இருக்கிறது. அங்கே ‘ஜார்ஜ்’ என்னும் புராதன மதுச்சாலையின் முற்றத்தில் நாம் நின்றோம். 1676-ஆம் வருஷத்துப் பெருந்தீக்கு இரையாகி, மறு வருஷமே மீண்டும் எழுந்த விடுதி இது. குதிரை வண்டிப் பிரயாணிகள் இங்கே இறங்கி, உண்டு குடித்து, மாடியின் நீண்ட மரத் தாழ்வாரத்தை ஒட்டிய அறைகளில் உறங்குவார்கள்.

ரயில் வந்தது; குதிரை வண்டிகள் ஓய்ந்தன. அந்த ரயில் கம்பெனியாரே விடுதியை வாங்கி, 1889-ல் பெரும் பகுதியை இடித்துத் தள்ளினார்கள். எஞ்சியது தெற்குப் பக்கம் ஒன்றுதான். லண்டனில் இத்தகைய தாழ்வார விடுதி வேறொன்று மிஞ்சவில்லை. 1937 முதல் நாஷனல் டிரஸ்ட் அதைக் காத்து வருகிறது. மதுவும் சம்பாஷணையும் இன்றும் அங்கே ஓயவில்லை.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். ‘ஜார்ஜி’ன் அருமையோ, இடித்த பிறகே தெரிந்தது!