இயங்க மறுத்த இயந்திரம்

கல்முனைக் கடற்கரையிலே இரும்புக்கு ஆயுள் குறைவு. யன்னற் கம்பியாயினும் சரி, சைக்கிள் சங்கிலியாயினும் சரி, உப்புக்காற்று அதனை உண்ணாமல் விடுவதில்லை. அத்தகைய காற்றிலேதான் எங்கள் வாப்பாவின் மொரிஸ் மைனர் கார் இருபது ஆண்டுகளாக அசையாது கிடந்தது. 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான இவ்வினக் கார்கள், 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் வாகன இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பின்னர், நம் நாட்டிலே கண்ணுங் கருத்துமாகப் பேணப்பட்டவை. 1990களில் காலியிலே இவற்றுக்கு உதிரிப்பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள் என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும்!

2004 டிசம்பர் 26ஆம் திகதி எழுந்த கடற்பேரலை எங்கள் முற்றத்தை எட்டியபோது காரின் சில்லுகள் மட்டுமே நனைந்தன. ஆயினும் அதன்பின் அதனை முடுக்க எவருக்கும் மனம் வரவில்லை. சென்ற ஆண்டு வளவைப் பிரிக்கும் பேச்செழுந்தது. பழைய இரும்பு வாங்குபவர் வந்து விலையும் பேசிவிட்டார். "எஞ்சின் சுற்றினால் நீ வைத்துக்கொள்; சுற்றாவிட்டால் கொடுத்துவிடுவோம்" என்பது காக்காவின் தீர்ப்பு. வாப்பா ஒன்றுங் கூறவில்லை. இரும்புக்காரருக்குத் தேநீர் கொடுக்கச் சொன்னார்.

இறுகிய எஞ்சினைக் கண்டதும் பலருக்குந் தோன்றுவது, கயிறு கட்டி இழுத்துக் கியரைப் போட்டு உலுக்கிவிடலாம் என்பதே. இதனிலுங் கேடு வேறில்லை. பிஸ்டன் அலுமினியத்தாலானது, அதன் வளையங்களும் சிலிண்டர்ச் சுவரும் வார்ப்பிரும்பு. துரு பற்றுவது வளையத்துக்கும் சுவருக்கும் இடையிலேதான். பலவந்தமாகத் திருப்பினால் வளையம் நொறுங்கும்; சிலவேளை பிஸ்டனே பிளந்துவிடும்.

எங்களூர் மெக்கானிக் அவசரப்படுகிறவரல்லர். மேல்மூடியைக் கழற்றவும் அவர் உடன்படவில்லை. துருவேறிய போல்ட் முறிந்தால் வேலை இரட்டிப்பாகுமாம். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் எடுத்துவிட்டு, மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயுங் கலந்து துவாரங்களில் ஊற்றினார். மூன்றில் எண்ணெய் மெல்ல இறங்கியது. மூன்றாவது சிலிண்டரில் மட்டும் ஊற்றிய மட்டம் அப்படியே நின்றது. எஞ்சின் எந்நிலையில் நின்றாலும் ஏதேனும் ஒரு வால்வு திறந்தே இருக்கும். அவ்வழியாக ஈரக்காற்று புகுந்த சிலிண்டர்தான் முதலிற் பழுதாகும் என்று விளக்கினார்.

பின்னர் காத்திருப்புத்தான். ஒவ்வொரு மாலையும் முன்புறக் கைப்பிடியைச் செருகி, இலேசாக அழுத்திப் பார்ப்போம். "தள்ள வேண்டாம், தம்பி. அசைகிறதா என்று கையாலே கேளுங்கள்" என்பார் அவர். பத்து நாள் ஒன்றுங் கேட்கவில்லை. இரும்புக்காரர் இருமுறை வந்து எட்டிப்பார்த்துப் போனார். பதினோராம் நாள் கைப்பிடி நகத்தளவு நகர்ந்தது! உடனே முழுமையாகச் சுழற்ற நான் துடித்தேன், அவர் விடவில்லை. முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்து, எண்ணெய் விட்டு, முழுச்சுற்று வர மேலும் இரண்டு மாலைகள் சென்றன. அந்தச் சுற்றை வாப்பாவே வந்து சுற்றினார். பிளக்குகள் இல்லாததால் அவருடைய கைக்கும் அது இலகுவாகவே இணங்கியது.

அடித்தொட்டியில் இறங்கிய மண்ணெண்ணெய் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்திருக்குமாதலால் அனைத்தையும் வடித்தோம். பிறகுதான் மூடி திறந்தது. மூன்றாவது சிலிண்டர்ச் சுவரிலே நகத்தில் இடறும் குழிகள்!

இப்பொழுது எஞ்சின் பட்டறையில் இருக்கிறது. நான்கு சிலிண்டர்களையும் ஒரே அளவிற் கடைந்து, சற்றுப் பெரிய பிஸ்டன்கள் போட வேண்டும். அதற்காகுஞ் செலவு இரும்புக்காரர் சொன்ன விலையிலும் அதிகம். காக்கா கணக்கை இருமுறை பார்த்தார். பாதியைத் தாம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.