ரூபாயின் பிரச்சினையை எந்த அலமாரியில் வைப்பது?

தோழர்களே, எங்கள் காலனியில் மாலைப் படிப்பகம் தொடங்கியபோது முந்நூறு நூல்கள் நன்கொடையாக வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுக்க உட்கார்ந்தோம். அம்பேத்கர், அயோத்திதாசர், பாமாவின் 'கருக்கு', நம் கவிஞர்களின் தொகுப்புகள் எல்லாவற்றையும் ஒரே அலமாரியில் வைத்து 'தலித்தியம்' என்று சீட்டு ஒட்டினோம். பெருமையாகத்தான் இருந்தது.

பிளஸ் டூ வணிகவியல் படிக்கும் தங்கை ஒருவர், அம்பேத்கர் எழுதிய 'ரூபாயின் பிரச்சினை' நூலை எடுத்து வந்து கேட்டார்: "அக்கா, இது பணத்தைப் பத்தின புக்குதானே? பொருளாதார புக்கெல்லாம் அந்தப் பக்கம் இருக்கே, இது மட்டும் ஏன் இங்க?"

எங்களிடம் பதில் இல்லை. 1923இல் வெளிவந்த அந்த நூல் நாணயக் கொள்கை பற்றிய ஆய்வு. எழுதியவர் யார் என்று பார்த்த நாங்கள், எதைப் பற்றி எழுதினார் என்று பார்க்கவில்லை. ஊர் நம்மை அடையாளம் காணும் விதமும் அதுதானே?

இந்தத் தவறுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1876இல் அமெரிக்கரான மெல்வில் டூயி, அறிவு முழுவதையும் பத்து வகுப்புகளாகப் பிரித்து எண் கொடுத்தார். உலகெங்கும் நூலகங்கள் அதை ஏற்றன. அதில் மதத்துக்கு 200. பெரும்பகுதி எண்கள் கிறித்தவத்துக்கே போயின. பௌத்தம், இந்து மதம், இஸ்லாம் எல்லாம் 290க்குள் நெருக்கியடித்து நின்றன. டூயி நடத்திய கிளப்பில் யூதர்களுக்கு இடமில்லை. எண்கள் நடுநிலையானவை என்று நாம் நம்புகிறோம். அவற்றை ஒதுக்கியவர்கள் மனிதர்கள்தான்.

வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கறுப்பின நூலகர் டோரதி போர்ட்டர் இதை நேரில் கண்டார். கறுப்பர் எழுதிய நூல் என்றால் பல நூலகங்கள் 325இலோ 326இலோ போட்டன. ஒன்று குடியேற்றம், மற்றது அடிமைமுறை. கவிதை நூலுக்கும் அதே கதிதான். போர்ட்டர் அதை ஏற்கவில்லை. கவிதையைக் கவிதையிலும் வரலாற்றை வரலாற்றிலும் வைத்தார்.

சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். ஒரு நூலுக்குப் பல முகங்கள் உண்டு. அவற்றைத் தனித்தனியே குறித்து இணைக்கலாம் என்பது அதன் அடிப்படை. வகுப்பில் இதைப் படித்தபோது தேர்வுக் கேள்வியாகத்தான் தெரிந்தது. தங்கையின் கேள்விக்குப் பிறகே அதன் பொருள் உறைத்தது.

சீட்டைக் கிழித்தோம். 'ரூபாயின் பிரச்சினை' பொருளாதாரத்துக்குப் போனது. 'கருக்கு' தன்வரலாறுகளோடு சேர்ந்தது. அயோத்திதாசர் பௌத்தத்துக்கும் வரலாற்றுக்கும் போனார். அப்போது ஒரு தம்பி தடுத்தார்: "அக்கா, எல்லாத்தையும் பிரிச்சிட்டா, நம்மாளுங்க எழுதினது என்னென்னன்னு சின்னப் பசங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதுவும் நியாயம். ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, தலித் எழுத்தாளர்களின் நூல்களையெல்லாம் பெயர்வாரியாக எழுதி, எதிரே அலமாரி எண்ணைக் குறித்தோம். வாசலிலேயே அந்த நோட்டு தொங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு நம் பிள்ளைகள் எல்லா அலமாரிகளுக்கும் போகிறார்கள்.

உங்கள் கல்லூரி நூலகத்தில் அம்பேத்கர் எங்கே இருக்கிறார் என்று நாளை போய்ப் பாருங்கள். ஒரே மூலையில்தான் இருக்கிறார் என்றால், ஏன் என்று நூலகரிடம் கேளுங்கள்.

ஜெய்பீம்.