கயலுக்கு, அயோவாவிலிருந்து

அன்புக் கயல்,

ஒஹாயோவில் கல்லூரி விளையாட்டு நிர்வாக வேலை உறுதியாகிவிட்டது என்று அக்கா போனில் சொன்னதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கோவில்பட்டியில் ஹாக்கி மட்டையோடு வளர்ந்த பிள்ளை, கடைசியில் ஃபைல் தூக்கப் போகுதே" என்று அத்தான் வருத்தப்பட்டாராம். அதைக் கேட்டு நீயும் சோர்ந்துபோயிருக்கிறாய் என்றாள். இந்தக் கடிதத்தை அத்தானுக்கும் படித்துக் காட்டு.

நான் இருக்கும் இந்த ஊரில்தான் கிறிஸ்டின் கிராண்ட் வேலை பார்த்தார். ஸ்காட்லாந்தில் பிறந்தவர், உன்னைப் போலவே ஹாக்கிக்காரர். கனடாவில் பயிற்சியாளராக இருந்துவிட்டு மேற்படிப்புக்கு அயோவா பல்கலைக்கழகம் வந்தார். 1973-ல் பெண்கள் விளையாட்டுக்கென்று தனித் துறை அமைத்தபோது அவர்தான் முதல் இயக்குநர். 2000-ல் ஓய்வு பெறும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். கல்வி நிலையங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்ற 'டைட்டில் நைன்' சட்டம் 1972-லேயே வந்துவிட்டது. ஆனால் சட்டம் மைதானத்துக்கு வந்து சேர வேண்டுமானால், ஒருத்தர் தினமும் அலுவலகத்தில் உட்கார்ந்து மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

1975-ல் வந்த அந்தச் சட்டத்தின் விதிமுறைகளை ஒருமுறை எடுத்துப் படி. பயிற்சி நேரம், விளையாட்டுச் சாமான்கள், பயணம், வழிச் சாப்பாட்டுக்குப் படி, உடை மாற்றும் அறை, அடிபட்டால் மருத்துவ வசதி, விளம்பரம் என்று எல்லாம் அன்றாடச் சங்கதிகள். சாயங்காலம் நாலு மணிக்கு ஆண்கள் அணிக்கு அரங்கத்தைக் கொடுத்துவிட்டு, பெண்களை ராத்திரி ஒன்பதுக்கு வரச் சொன்னால் என்ன ஆகும்? மறுநாள் காலை வகுப்பில் அந்தப் பெண் தூங்கி விழுவாள். ஒரு செமஸ்டர் தாக்குப்பிடிப்பாள், அப்புறம் ஆட்டத்தையே விட்டுவிடுவாள். அவளை யாரும் தடுத்ததாக எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அட்டவணைத் தாளில் ஒரு கட்டம், அவ்வளவுதான். இனி அந்தக் கட்டத்தை நிரப்பப் போகிறவள் நீ.

கிராண்ட் தோற்றதையும் சொல்லியாக வேண்டும். கல்லூரிப் பெண்கள் விளையாட்டைப் பெண்களே நடத்திவந்த ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற சங்கத்துக்கு அவர் தலைவராக இருந்தவர். அதுவரை ஆண்களுக்கு மட்டும் போட்டி நடத்திய என்.சி.ஏ.ஏ., பெண்களுக்கும் சாம்பியன்ஷிப் நடத்துவதாக 1981-ல் முடிவெடுத்தது. பணமும் தொலைக்காட்சியும் அந்தப் பக்கம். அடுத்த வருடமே சங்கம் படுத்துவிட்டது. வழக்குப் போட்டார்கள், அதிலும் தோல்வி. பல கல்லூரிகளில் ஆண்கள், பெண்கள் விளையாட்டுத் துறைகள் இரண்டையும் ஒன்றாக்கி ஆண்கள் கையில் கொடுத்தார்கள். 1972-ல் பெண்கள் அணிகளின் பயிற்சியாளர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பெண்கள். 2014-ல் அது 43 ஆகச் சுருங்கிவிட்டது. எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இது.

கிராண்ட் மூட்டை கட்டவில்லை. 1983-ல் கூடைப்பந்துக்கு விவியன் ஸ்டிரிங்கரைக் கொண்டுவந்தார். இங்கே கார்வர்-ஹாக்கை அரங்கம் பள்ளத்துக்குள் கட்டியது. மேலே நுழைந்து, படி படியாகக் கீழே இறங்க வேண்டும். அப்போது ஏறத்தாழ 15,500 பேர் உட்காரலாம். 1985 பிப்ரவரி 3 அன்று ஒஹாயோ ஸ்டேட்டோடு பெண்கள் ஆட்டம். வந்தவர்கள் 22,157 பேர்! பெண்கள் ஆடினால் யார் பார்க்க வருவார்கள் என்று கேட்டவர்களுக்கு வேறு பதில் வேண்டாம். 2023 அக்டோபரில் கின்னிக் ஃபுட்பால் மைதானத்தில் கெய்ட்லின் கிளார்க் ஆடிய எங்கள் பெண்கள் கூடைப்பந்து அணியைப் பார்க்க 55,646 பேர் திரண்டோம். காற்றும் குளிருமாக இருந்தும் யாரும் எழுந்து போகவில்லை. கிராண்ட் 2021 டிசம்பர் 31-லேயே காலமாகிவிட்டார். அவர் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. அவர் வேலை பார்த்த இதே பல்கலைக்கழகம் 2017-ல் பாகுபாட்டு வழக்குகளை முடிக்க 65 லட்சம் டாலர் கொடுக்கச் சம்மதித்தது. வழக்குப் போட்டவர்களில் ஒருவர் விளையாட்டுத் துறையின் மூத்த பெண் நிர்வாகி. இப்போது புதுப் பிரச்சினை: 2025 ஜூலையிலிருந்து ஒரு பல்கலைக்கழகம் விளையாட்டு மாணவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம், முதல் வருடத்துக்கான உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். பெரும்பங்கு ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும்தான் போகிறது. நீச்சல்காரிக்கும் ஹாக்கிக்காரிக்கும் என்ன மிச்சம் என்று பங்கு பிரிக்கும் கூட்டத்தில் கேட்க, ஆட்டமும் கணக்கும் தெரிந்த ஒரு பெண் உள்ளே இருக்க வேண்டும். அது நீயாக இருப்பதில் எனக்குப் பெருமை என்று அத்தானிடம் நான் சொன்னதாகச் சொல்.

சேர்ந்த முதல் வாரமே எல்லா அணிகளின் பயிற்சி நேர அட்டவணையையும் கேட்டு வாங்கு. பயணச் செலவுக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார். பெரிய அதிகாரிகளிடம் போவதற்கு முன்னால், மைதானம் பராமரிப்பவர்களிடமும் பஸ் ஏற்பாடு செய்பவர்களிடமும் பழகு. எந்த அணிக்கு எது கிடைக்கிறது என்று அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஒஹாயோவில் நவம்பரிலேயே பனி கொட்ட ஆரம்பித்துவிடும், நல்ல கோட்டாக ஒன்று வாங்கிக்கொள். பணம் நான் அனுப்புகிறேன், அக்காவிடம் சொல்லாதே. கிறிஸ்துமஸ் லீவுக்கு இங்கே வா. அட்டவணையையும் எடுத்து வா, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
சித்தி