பையன், வயது 16, ஏதாவது

டிசம்பர் பிறந்தா போதும், நியூஜெர்ஸியில நான் ஆணி பிடுங்கற ஆபீஸ் லாபியில ஒரு கிறிஸ்துமஸ் மரம் முளைச்சிடும் (பிளாஸ்டிக் மரம்தான்). அதுல நட்சத்திரம், கலர் குண்டு இதோட சின்னச் சின்ன அட்டைகளும் தொங்கும். ஒவ்வொரு அட்டையிலயும் ஒரு பிள்ளையோட வயசு, ஆணா பெண்ணா, துணி அளவு, என்ன பிடிக்கும்னு எழுதியிருக்கும். பேர் மட்டும் இருக்காது. நாம ஒரு அட்டையை எடுத்துக்கிட்டு, புதுசா பொருள் வாங்கி, அட்டையையும் சேர்த்து ரிசப்ஷன்ல குடுத்துடணும். ஒரு பிள்ளைக்கு சுமார் 50 டாலர். அவ்வளவுதான் மேட்டர்.

இந்த ஊர்ல இது பழைய வழக்கம். 1947ல லாஸ் ஏஞ்சலஸ்ல மரைன் கார்ப்ஸ் ரிசர்வ் மேஜர் பில் ஹெண்ட்ரிக்ஸ் 'டாய்ஸ் ஃபார் டாட்ஸ்' ஆரம்பிச்சார். முதல் வருஷமே 5,000 பொம்மை சேர்ந்துச்சாம். 1979ல வர்ஜீனியாவுல லிஞ்ச்பர்க்னு ஒரு ஊர்ல, சால்வேஷன் ஆர்மிக்காரங்க ஷாப்பிங் மால்ல ஒரு மரத்தை வெச்சு, தேவதை படம் போட்ட அட்டைகள்ல பிள்ளைங்களோட தேவையை எழுதித் தொங்கவிட்டாங்க. எங்க லாபி மரம் அந்த மரத்தோட பேரப்பிள்ளைன்னு வெச்சுக்கோங்க.

போன டிசம்பர்ல ரிலீஸ் வேலையில மாட்டிக்கிட்டதால நான் மரத்துக்கிட்ட போனதே ரெண்டாவது வாரம்தான். மரம் காலி. அஞ்சே அஞ்சு அட்டை தொங்கிட்டு இருந்துச்சு. அஞ்சும் 12 வயசுக்கு மேல. "எப்பவுமே இப்படித்தான். மூணு வயசு, நாலு வயசு அட்டையெல்லாம் முதல் நாள் மத்தியானத்துக்குள்ள போயிடும். பெரிய பிள்ளைங்களுதை கடைசியில நான்தான் ஆள் பிடிச்சுத் தள்ளிவிடணும்"னு ரிசப்ஷன் அம்மா சிரிச்சாங்க. யோசிச்சுப் பார்த்தா 'டாட்ஸ்'ங்கற வார்த்தைக்கே பொடிசுகள்னுதானே அர்த்தம்! கரடி பொம்மை, லாரி பொம்மை வாங்கறது வாங்கறவனுக்கே ஜாலி. மீசை அரும்பின பையனுக்கு என்னத்தை வாங்கறது?

ரெண்டு அட்டையை எடுத்தேன். ஒண்ணு, 'பெண், வயது 13, பேஸ்கட்பால்'. இன்னொண்ணு, 'பையன், வயது 16'. என்ன பிடிக்கும்ங்கற இடத்துல ஒரே வார்த்தை: 'ஏதாவது'.

முதல் அட்டை சுலபம்னு நெனைச்சு, கடைக்குப் போய் பளபளன்னு இருந்த ஒரு பந்தைத் தூக்கி வண்டியில போட்டேன். தங்கமணி அதை எடுத்து ஒரு தடவை உருட்டிப் பார்த்துட்டு திரும்ப ஷெல்ஃப்லயே வெச்சுட்டாங்க. (தங்கமணி ஸ்கூல் டீம்ல ஆடினவங்க. நான் ஸ்கூல் டீமுக்குத் தண்ணி பாட்டில் தூக்கினவன்.)

"ஏங்க, அது சைஸ் 7. பசங்க ஆடறது, இருபத்தொன்பதரை இஞ்ச் சுத்தளவு. 13 வயசுப் பொண்ணுக்கு சைஸ் 6, இருபத்தெட்டரை இஞ்ச். அப்புறம் அந்தப் பொண்ணு ஆடப்போறது ரோட்டோர சிமெண்ட் தரையிலயா இருக்கும். தோல் பந்து வாங்கினா ஒரே மாசத்துல உரிஞ்சிடும். ரப்பர் பந்து எடுங்க. ஊசியோட ஒரு கைப்பம்ப்பும் எடுங்க. காத்து போனா யார்கிட்ட போய் நிக்கும்?"

ஒரு இஞ்ச் வித்தியாசம்தான். ஆனா அந்த ஒரு இஞ்ச்லதான், 'யாரோ ஒரு ஏழைப் பொண்ணுக்கு ஒரு பந்து'ங்கறதுக்கும் 'நிஜமாவே ஆடற ஒரு பொண்ணுக்கு ஒரு பந்து'ங்கறதுக்கும் உள்ள வித்தியாசம் இருக்குன்னு அப்பதான் உறைச்சுது.

ரெண்டாவது அட்டைதான் சோதனை. ஒரு மணி நேரம் சுத்தினோம். ஹெட்போன்? அவன் போன்ல என்ன ஓட்டை இருக்கோ தெரியாது. ஐபோன்லயே 2023ல வந்த 15லேர்ந்துதான் சி-டைப். அதுக்கு முன்னாடி வேற பின். செண்ட்? கிண்டல் மாதிரி ஆயிடும். புத்தகம்? எனக்குப் பிடிச்சதை அவன் தலையில கட்டறதாயிடும். "அவனே ஏதாவதுன்னுதானே எழுதியிருக்கான், எதையாவது வாங்கிப் போட்டுட்டுக் கிளம்பலாம்"னு சொன்னேன். சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்கே சுருக்குன்னுச்சு. ஏன்னா அந்த வார்த்தையை நானும் ஒரு தடவை சொல்லியிருக்கேன்.

2012. நான் பத்தாவது. தமிழ்நாட்டுல கரண்ட் கட் உச்சத்துல இருந்த வருஷம். சிவகாசியில அப்பா வேலை பார்த்த அச்சாபீஸ்ல மெஷின் ஓடின நேரத்தைவிட நின்ன நேரம்தான் அதிகம். தீபாவளிக்கு ரெண்டு மாசம் முன்னாடி அதை மூடிட்டாங்க. அந்தத் தீபாவளிக்கு வீட்டுல துணி எடுக்கல. கோயில் பக்கத்து மண்டபத்துல யாரோ புண்ணியவான்கள் பிள்ளைங்களுக்குப் புதுத்துணி குடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டு, அம்மா என்னையும் தம்பியையும் அனுப்பிவெச்சாங்க. தம்பிக்கு அப்ப எட்டு வயசு. அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு வரிசையில முக்கால் மணி நேரம் நின்னேன். மேஜைக்கிட்ட போனதும் தம்பிக்கு ஒரு சிவப்புச் சட்டை, டவுசர் கிடைச்சுது. அங்க இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, "நீ பெரிய பையனாச்சே தம்பி, உனக்கென்ன? தள்ளி நில்லு"ன்னார். அவர் கோவமா சொல்லல. சாதாரணமாத்தான் சொன்னார். அவர்கிட்ட என் அளவுல துணி இல்ல, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாங்க, "உனக்கு?"

"எனக்கு எதுவும் வேணாம்மா, நானே வேணாம்னுட்டேன்."

ராத்திரி மாமா வந்து, "என்னடா வேணும், சொல்லு, வாங்கித் தரேன்"னார். "ஏதாவது"ன்னேன். அவரும் ஏதோ வாங்கிட்டு வந்தார். என்னன்னு இப்ப ஞாபகமே இல்ல.

நிஜமா எனக்கு என்ன வேணும்னு எனக்கு நல்லாத் தெரியும். ஒரு முழுக்கால் ஜீன்ஸ், நீலம். கேட்டுக் கிடைக்காமப் போறதைவிட கேக்காம இருக்கறது கௌரவம்னு அந்த வயசுல தோணிடும். சின்னப் பிள்ளை அழுது வாங்கிடும். பெரிய பிள்ளை 'ஏதாவது'ன்னு எழுதிட்டுப் போயிடும்.

மறுநாள் ரிசப்ஷன் அம்மாகிட்டயே போய் நின்னேன். "இந்தப் பையனுக்கு என்ன வாங்கினா உபயோகமா இருக்கும்?" அவங்க கொஞ்சம் யோசிச்சுட்டுச் சொன்னாங்க. இந்த அட்டைகள் ஃபாஸ்டர் கேர்ல இருக்கற பிள்ளைங்களோடது. அதாவது பெத்தவங்களால பார்த்துக்க முடியாம, கோர்ட் மூலமா வேற குடும்பத்துல தங்க வெச்சிருக்கற பிள்ளைங்க. ஒரு வீட்டுலேர்ந்து இன்னொரு வீட்டுக்கு மாத்தும்போது பல பேர் தங்களோட துணிமணியை குப்பை போடற கறுப்பு பிளாஸ்டிக் பையில கட்டித்தான் எடுத்துக்கிட்டுப் போறாங்க. பெட்டி இருக்காது.

அதுக்கு மேல எதுவும் கேக்கத் தோணல. அன்னிக்கு சாயங்காலமே நல்ல கெட்டியான தோள் பை ஒண்ணு வாங்கினோம். கருநீலம், பெரிய சைஸ், தர்மப் பைன்னு காட்டிக் குடுக்கற மாதிரி எந்த முத்திரையும் இல்லாதது. 28 டாலர். அது உள்ள 20 டாலருக்கு ஒரு பெரிய கடையோட கிஃப்ட் கார்டு. "காசு மாதிரி இருக்கே, மனசுல ஒட்டாதே"ன்னு நான் இழுத்தேன். "16 வயசுல தானாப் போய், தனக்குப் பிடிச்சதை எடுத்து, கவுண்டர்ல தானே நீட்டறது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்குத் தெரியாதா?"ன்னு தங்கமணி கேட்டாங்க. தெரியும். நீல ஜீன்ஸ் ஞாபகம் வந்துச்சு.

அன்னிக்கு ராத்திரி அம்மாவுக்குப் போன் பண்ணினப்ப இந்தக் கதையைச் சொன்னேன். மண்டபத்து வரிசையையும் முதல் தடவையா முழுசாச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் அம்மா, "நீயே வேணாம்னு சொன்னேன்னுதானடா நான் இத்தனை நாளும் நெனைச்சிட்டிருந்தேன்"னாங்க.

அந்தப் பையனுக்கு பை பிடிச்சுதா, கார்டுல என்ன வாங்கினான், எதுவும் தெரியாது. தெரியவும் வராது, அதுதான் ஏற்பாடு. இந்த டிசம்பர்ல முதல் வாரமே மரத்துக்கிட்ட போயிடணும்னு இருக்கேன். சின்னதுங்க அட்டைக்கு ஆள் இருக்கு, நான் மேல் கிளையில தொங்கறதைப் பார்த்துக்கறேன் :-)

டிஸ்கி: வாங்கப் போற மக்களுக்கு, நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது.

ஒண்ணு, பேப்பர் சுத்தாமக் குடுங்க. வீட்டுப் பெரியவங்க பார்த்துட்டுச் சுத்திக் குடுக்கட்டும்; வேணும்னா ஒரு சுருள் பேப்பரைக் கூட வைங்க. ரெண்டு, விலை போடாத ரசீதைக் கேட்டு வாங்கி உள்ள வைங்க, மாத்திக்க வசதி. மூணு, கிஃப்ட் கார்டுன்னா கடையோட கார்டே நல்லது. வங்கிக் கார்டு மாதிரி எங்கேயும் தேய்க்கறதுக்குத் தனியா கட்டணம் பிடுங்குவாங்க. 2009ல வந்த சட்டப்படி கார்டுல இருக்கற பணம் குறைஞ்சது அஞ்சு வருஷம் செல்லும், அதனால பையன் நிதானமாச் செலவழிக்கலாம். ஆனா கவர் பிரிஞ்சிருக்கா, நம்பர் சுரண்டியிருக்கான்னு பார்த்து எடுங்க, திருட்டு ஜாஸ்தி. நாலு, 13 வயசுப் பொண்ணுக்கு சைஸ் 6. இதை மறந்தா தங்கமணி என்னை விடமாட்டாங்க.