அப்பாவின் ஐந்து விநாடி

உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒரே ஒரு சம்பவத்தை 250 வார்த்தையில் சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்? சுலபம் என்று நினைத்துத்தான் நானும் பெயர் கொடுத்தேன்.

கோபாலபுரத்தில், எங்கள் தெருவிலேயே, மூன்று நாள் பட்டறை. 'டிஜிட்டல் கதை' என்கிறார்கள். 1990-களில் கலிஃபோர்னியாவில் ஜோ லாம்பர்ட், டேனா ஆட்ச்லி, நீனா மல்லன் ஆகியோர் ஆரம்பித்து வைத்தது. சினிமா இல்லை. உங்கள் குரல், ஏழெட்டுப் பழைய போட்டோ, கொஞ்சம் இசை. இரண்டு மூன்று நிமிஷத்தில் முடித்துக்கொள்ள வேண்டும். 2001-லிருந்து பி.பி.சி. வேல்ஸில் ஊர் ஊராகப் போய் சாதாரண ஜனங்களை இப்படிக் கதை சொல்ல வைத்தது. சொன்னவர்களே கம்ப்யூட்டரில் எடிட்டிங்கும் செய்தார்கள். முதலில் எழுத வேண்டும், அப்புறம் குரல், அதன்மேல்தான் படங்கள். நாம் எல்லோரும் ஆல்பத்தைத்தான் முதலில் புரட்டுவோம்.

முன்கூட்டியே எழுதி அனுப்பச் சொன்னார்கள். அப்பா லாயிட்ஸ் ரோடு வழியாக முப்பது வருஷம் சைக்கிளில் கோட்டைக்கு வேலைக்குப் போனதை உருக்கமாக எழுதி அனுப்பினேன். நடத்துகிற பெண் போன் செய்தாள்.

"நல்லா இருக்கு சார். ஆனா இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

என் மகள் வயசு. கோபம் வந்தது. ராத்திரி தூக்கம் வரவில்லை.

1983-ல் அப்பா பர்மா பஜாரில் ஒரு டேப்ரிக்கார்டர் வாங்கினார். அன்றைக்கே ஒரு கேஸட்டில் அரைமணி நேரம் பேசினார். பாட்டி, தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம், பதினோரு வயசில் வீட்டைவிட்டு ஓடியது எல்லாம். 1986-ல் நான் அதன்மேல் ரேடியோவிலிருந்து இளையராஜா பாட்டுகளைப் பிடித்தேன். புதுக் கேஸட்டுக்குக் காசில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். சோம்பல்தான். அடுத்த வருஷம் அப்பா போய்விட்டார். அம்மா அந்தக் கேஸட்டை ரொம்ப நாள் தேடினாள். "வெள்ளையடிக்கறப்ப எங்கயோ தொலைஞ்சு போச்சும்மா" என்றேன். கடைசிவரை அதையே நம்பினாள்.

கேஸட் என் பீரோவில்தான் இருந்தது. போன வாரம் ரிச்சி தெருவில் ஒருவரிடம் கொடுத்து பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். பாட்டெல்லாம் முடிந்து, நான் பதியாமல் விட்ட வாலில், ஐந்து விநாடி அப்பா.

"ஓடறதா இன்னும்? போதும்டா, காபி ஆறிப்போறது."

இப்போது வேறு 250 வார்த்தை எழுதியிருக்கிறேன். ஃபேனை நிறுத்திவிட்டு, ஜன்னலைச் சாத்தி, செல்போனில் படித்துப் பழகுகிறேன். 'அப்பாவின் குரலை அழித்தது நான்தான்' என்பது முதல் வரி. நாலு தடவை முயன்றும் இரண்டாம் வரிக்குப் போக முடியவில்லை.

கடைசி நாள் எல்லாக் கதைகளையும் திரையில் போடுவார்களாம், வீட்டு மனுஷர்களும் வரலாம். அக்காவை வரச் சொல்லியிருக்கிறேன். என்ன கதை என்று சொல்லவில்லை.

"ஏதாவது கொண்டுவரணுமாடா?" என்றாள்.

"அப்பா போட்டோ ஏதாவது இருந்தா எடுத்துண்டு வா."